பிட்யூட்டரி ஹார்மோன்களும் புற்றுக்கட்டியின் இரத்தக்குழாய்களும்: எது நேரடி, எது சுற்றுவழி?

நுண்குழாய்:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை விலங்கியல் படிக்கும் மாணவி நான். புற்றுக்கட்டிகளில் புதிய இரத்தக்குழாய்கள் முளைப்பதைப் பற்றி வகுப்பில் கருத்தரங்க உரை ஒன்று தர வேண்டியிருக்கிறது. கட்டி ஒன்று தனக்கென இரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளாவிட்டால் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதியதிலிருந்துதான் தொடங்கினேன். அங்கிருந்து படித்துக்கொண்டு வரும்போது ஒரு செய்தி என்னை நிறுத்திவிட்டது. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் இரண்டு பெரிய புரதங்களும் மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியோடு தொடர்புடையவை. அடிப்படை எஃப்ஜிஎஃப் எனப்படும் வளர்ச்சிக் காரணி 1970-களில் அந்தச் சுரப்பியிலிருந்து பிரிக்கப்பட்டது. விஇஜிஎஃப் 1989-இல் அதே சுரப்பியின் செல்களை வளர்த்த நீர்மத்திலிருந்து கிடைத்தது. அப்படியானால், மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் இந்தச் சுரப்பி உடலின் எந்த மூலையில் கட்டி வந்தாலும் அதற்கு இரத்தம் போகத் துணை செய்கிறது என்று சொல்லலாமா? இன்னொரு குழப்பமும் உண்டு. பால் சுரப்பைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் குழாய்களை வளர்க்கிறது என்று ஒரு கட்டுரையும், அதே புரோலாக்டின் குழாய்களைத் தடுக்கிறது என்று இன்னொரு கட்டுரையும் சொல்கின்றன. இரண்டும் நல்ல ஆய்விதழ்களில் வந்தவையே. எதை நம்புவது?

ஆய்வகத்தான்:

நல்ல கேள்வி. முதலில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுவோம். பிட்யூட்டரியிலிருந்து கிடைத்த பொருள் என்பதாலேயே அது பிட்யூட்டரி ஹார்மோன் ஆகிவிடாது. நெப்போலியோன் ஃபெராராவும் வில்லியம் ஹென்சலும் விஇஜிஎஃப்பை எடுத்தது ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து அல்ல. அந்தச் செல்களுக்கு இடையே நட்சத்திர வடிவில் கிளை பரப்பி நிற்கும் துணைச் செல்களை வளர்த்து, அவை நீர்மத்தில் வெளியிட்டதைத்தான் சேகரித்தார்கள். பிட்யூட்டரி முழுவதும் துளையுள்ள நுண்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன, சுரந்த ஹார்மோன் உடனே இரத்தத்தில் கலக்க வேண்டுமே. அந்தக் குழாய்களைப் பேணும் புரதம் அங்கே கிடைத்ததில் வியப்பில்லை. பின்னர் பார்த்தால், ஆக்சிஜன் குறைந்த ஏறக்குறைய எந்தத் திசுவும் அதைச் சுரக்கிறது. கட்டி தனக்கு வேண்டிய விஇஜிஎஃப்பைத் தானே செய்துகொள்கிறது. மண்டைக்குள்ளிருந்து வருவதற்காக அது காத்திருப்பதில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை, இல்லை.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. கட்டுரைகள் இரண்டும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் அவை பேசும் மூலக்கூறு ஒன்றல்ல. முழுப் புரோலாக்டின் 199 அமினோ அமிலங்கள் கொண்டது, எடை 23 கிலோடால்டன். கதெப்சின் டி போன்ற நொதிகள் அதை வெட்டினால், முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 16 கிலோடால்டன் எடையுள்ள துண்டு ஒன்று கிடைக்கிறது. ஃபெராரா, கார்மென் கிளாப், ரிச்சர்ட் வைனர் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நுண்குழாய் உட்சுவர்ச் செல்களின் பெருக்கத்தை அந்தத் துண்டு அடக்கியது. முழு ஹார்மோனுக்கு அந்தத் திறன் இல்லை. விஇஜிஎஃப்பைக் கண்டெடுத்தவரே அதை எதிர்க்கும் துண்டின் ஆய்விலும் இருந்திருக்கிறார் என்பதை உங்கள் உரையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், தூங்கிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்வார்கள்.

இதைச் சோதிக்கும் முறையையும் சொல்கிறேன், படித்தால் மட்டும் மனத்தில் நிற்காது. கருவுற்ற கோழி முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டினால் உள்ளே மெல்லிய சவ்வு தெரியும். அதன்மேல் சிவப்பு இழைகள் கிளை கிளையாக ஓடிக்கொண்டிருக்கும். சோதிக்க வேண்டிய புரதத்தை நனைத்த சிறு வட்டத் தகட்டை அந்தச் சவ்வின்மேல் வைத்து மூடிவிட்டு, இரண்டு மூன்று நாள்கள் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். குழாயைத் தூண்டும் பொருளாக இருந்தால் இழைகள் தகட்டை நோக்கித் திரும்பியிருக்கும். தடுக்கும் பொருளாக இருந்தால் தகட்டைச் சுற்றி வெளுத்த இடம் தெரியும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் இங்க்ரிட் ஸ்ட்ரூமன், ஜோசப் மார்ஷியல் குழுவினர் 1999-இல் காட்டியது இன்னும் விரிவானது. புரோலாக்டின் மட்டுமல்லாமல் வளர்ச்சி ஹார்மோன், நஞ்சுக்கொடியின் லாக்டோஜென் என அந்தக் குடும்பம் முழுவதிலும், முழு வடிவம் குழாய் வளர்ச்சிக்கு ஆதரவாகவும் முன்பகுதித் துண்டு எதிராகவும் இருக்கின்றன. மெக்சிகோவில் கிளாப் தலைமையிலான குழு இந்தத் துண்டுகளுக்கு வாசோஇன்ஹிபின் என்று பொதுப்பெயர் இட்டிருக்கிறது.

ஆகவே புரோலாக்டின் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, எந்தத் திசுவில், எந்த நொதியின் அருகில், எந்த அமிலத்தன்மையில் என்று கேட்க வேண்டும். மார்பகப் புற்றில் கதெப்சின் டி மிகுதி, அது வேலை செய்ய அமிலச் சூழல் தேவை, கட்டியின் உட்புறமும் அமிலத்தன்மை கூடியதுதான். அப்படியானால் கட்டியே தன் தடையைத் தானே உண்டாக்கிக்கொள்ளுமா என்றால், பாலூட்டி ஒன்றின் கட்டியில் நிகரப் பலன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இன்றும் யாரும் ஒரே விடையாகச் சொல்லவில்லை.

வார்டு_டாக்டர்:

ஆய்வகத்தான் ஐயா சொன்னது மூலக்கூறு நிலையில் சரி. மருத்துவமனைப் பக்கத்திலிருந்து பார்த்தால், பிட்யூட்டரிக்கும் கட்டியின் குழாய்களுக்கும் உள்ள மிக வலுவான தொடர்பு நேரடியானது அல்ல, அது சுற்றுவழியில் வருகிறது. என் கருத்தில் இந்த இழையின் மையமே அதுதான்.

1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் விரைகளை நீக்கினால் புராஸ்டேட் புற்று அடங்குகிறது என்று காட்டினார். 1966-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். 1950-களில் சுவீடனில் ரோல்ஃப் லுஃப்டும் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனாவும் ஒரு படி மேலே போய், பரவிய மார்பகப் புற்றுள்ள பெண்களுக்குப் பிட்யூட்டரியையே அறுவை செய்து எடுத்தார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கட்டிகள் சுருங்கின, எலும்பு வலி தணிந்தது. அப்போது யாரும் இரத்தக்குழாய்களைப் பற்றிப் பேசவில்லை. ஹார்மோன் இன்றிச் செல்கள் பட்டினி கிடக்கின்றன என்பதே விளக்கமாக இருந்தது.

பின்னாளில் எலிகளில் பார்த்தபோது காட்சி மாறியது. விரை நீக்கிய ஒரு நாளுக்குள்ளாகவே புராஸ்டேட்டுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. சுரப்பிச் செல்கள் சாவதற்கு முன்பே குழாயின் உட்சுவர்ச் செல்கள் சாகத் தொடங்குகின்றன. ஆண் ஹார்மோன் கட்டியின் செல்களை விஇஜிஎஃப் சுரக்க வைக்கிறது, அந்த ஹார்மோனைச் சுரக்கச் சொல்வது பிட்யூட்டரியின் எல்ஹெச், எல்ஹெச்சை வெளியிடச் சொல்வது மூளையில் பிட்யூட்டரிக்கு மேலே உள்ள ஹைப்போதலாமஸ். இந்தத் தொடரில் எங்கே கை வைத்தாலும் கடைசி முனையில் குழாய்கள் வாடுகின்றன. ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லமினும் ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களுக்காக 1977-இல் நோபல் பெற்றார்கள். அந்த ஆய்வின் வழியே வந்த லூப்ரோலைட் போன்ற ஊசிகளை இன்று எங்கள் புறநோயாளிப் பிரிவிலும் போடுகிறோம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊசி போட்ட முதல் ஓரிரு வாரங்களில் பிட்யூட்டரி அடங்குவதற்கு முன் ஒருமுறை சீறும், எல்ஹெச் ஏறும், ஆண் ஹார்மோனும் ஏறும். முதுகெலும்பில் கட்டி உள்ளவருக்கு அந்த நாள்களில் கால் மரத்துப்போகும் ஆபத்து இருப்பதால், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குகிறோம்.

ஆனால் இந்த வாட்டம் நிலைப்பதில்லை. ஆண் ஹார்மோனைச் சார்ந்த எலிக்கட்டி ஒன்றில் ராகேஷ் ஜெயினின் குழு 1998-இல் கண்டது இது. விரை நீக்கியதும் விஇஜிஎஃப் குறைந்தது, குழாய்கள் மெலிந்தன, கட்டி சுருங்கியது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து, ஹார்மோன் திரும்பாமலேயே, குழாய்கள் மீண்டும் முளைத்துக் கட்டியும் வளரத் தொடங்கியது. சில ஆண்டுகள் ஊசியில் அடங்கியிருந்த பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் புரதம்) அளவு மெல்ல ஏறுவதை நாங்கள் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இளவேனில்:

ஐயா, அம்மா, நான் இத்துறை சார்ந்தவன் அல்ல, நோயாளியின் மகன் மட்டும்தான். என் தாயாருக்கு மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. குமட்டலுக்கு வீட்டருகே உள்ள மருந்துக்கடையில் டோம்பெரிடோன் வாங்கிக் கொடுத்தோம். அந்த மருந்து புரோலாக்டினை ஏற்றும் என்று படித்தேன். இந்த இழையைப் பார்த்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது.

வார்டு_டாக்டர்:

தம்பி, அஞ்ச வேண்டாம். டோம்பெரிடோன், மெட்டோக்ளோப்ரமைடு இரண்டும், புரோலாக்டினை அடக்கி வைக்கும் டோபமினைத் தடுப்பதால், புரோலாக்டினை ஏற்றும் என்பது உண்மைதான். அதனால் அம்மாவின் கட்டிக்கு இரத்தக்குழாய் கூடியிருக்கும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. நீண்ட காலம் புரோலாக்டின் சற்று உயர்ந்த பெண்களில் மார்பகப் புற்று கொஞ்சம் கூடுதலாகக் காணப்பட்டது என்பது மக்கள்தொகை ஆய்வுகளின் செய்தி. சில நாள் மாத்திரைக்கு அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. புரோலாக்டின் ஏற்பியை, அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தை, அடைக்கும் எல்எஃப்ஏ102 என்ற எதிர்ப்பொருளை மார்பக, புராஸ்டேட் புற்று நோயாளிகளுக்கு முதல் கட்டச் சோதனையில் கொடுத்தார்கள், கட்டிகள் சுருங்கவில்லை. ஏற்பியை மூடியே பலன் கிடைக்காத இடத்தில், ஒரு குமட்டல் மாத்திரை பெரிய தீங்கு செய்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேறொரு காரணத்துக்காக அந்த மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது, வேறு சில மருந்துகளோடு சேரக் கூடாது. குமட்டலுக்கு என்ன கொடுக்கலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

எதிர்வாதி:

சுற்றுவழிதான் மையம் என்று டாக்டர் சொல்வதை ஏற்க முடியவில்லை. சினைப்பையையும் விரையையும் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்எஸ்ஹெச்சை நீங்கள் யாரும் தொடவே இல்லையே! 2010-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ராது, கினேயா குழுவினர் 11 வகைப் புற்றுகள் கொண்ட 1336 நோயாளிகளின் திசுக்களைப் பார்த்தார்கள். அந்தக் கட்டிகளின் இரத்தக்குழாய் உட்சுவரிலேயே எஃப்எஸ்ஹெச் ஏற்பி இருந்தது. சினைப்பையிலும் விரையிலும் மட்டும் இருக்க வேண்டிய ஏற்பி, நுரையீரல் கட்டியிலும் குடல் கட்டியிலும் கட்டியின் ஓரத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம்போல் சாயம் ஏறி நின்றது. அந்த வளையம் கட்டிக்குள் கொஞ்சமும் வெளியே கொஞ்சமுமாகப் பரவியிருந்தது. விலகிப் போனால் நலமான திசுவின் குழாய்களில் எதுவும் இல்லை. புதிய குழாய்கள் முளைப்பதும் அதே ஓரத்தில்தானே? இதைவிட நேரடித் தொடர்பு வேண்டுமா? 2014-இல் தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர்ச் செல்களில் எஃப்எஸ்ஹெச் ஊற்றியபோது அவை குழாய்களாக உருவெடுத்தன என்றும் ஒரு குழு காட்டியிருக்கிறது.

ஆய்வகத்தான்:

எதிர்வாதி நண்பர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். இதைத் தவிர்த்துவிட்டு இந்தத் தலைப்பைப் பேச முடியாது.

2014-இன் அந்த முடிவை 2016-இல் வேறொரு குழு திரும்பச் செய்து பார்த்தது. அதே வகைச் செல்களில் செயல்படும் எஃப்எஸ்ஹெச் ஏற்பி எதையும் அவர்களால் காண முடியவில்லை. ஒரே செல், ஒரே கேள்வி, இரண்டு எதிரெதிர் விடைகள். சிக்கல் பெரும்பாலும் எதிர்ப்பொருளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாயமேற்றும் ஆய்வில் நாம் ஏற்பியைப் பார்ப்பதில்லை. ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும் என்று நாம் நம்பும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறோம். அது வேறு ஏதோ புரதத்திலும் ஒட்டிக்கொண்டால் திசுவில் பழுப்பு நிறம் அழகாகத்தான் வரும். இந்தக் குடும்பத்து ஏற்பிகளுக்குத் தூய எதிர்ப்பொருள் செய்வது பெரும்பாடு என்பது ஆய்வகத்தில் உழல்பவர்களுக்குத் தெரியும்.

அதோடு, மாதவிடாய் நின்ற பெண்களின் இரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் பல மடங்கு உயர்ந்து பல ஆண்டுகள் அப்படியே நிற்கிறது. அது நேரடியாகக் கட்டியின் குழாய்களைத் தூண்டுமானால், அந்த வயதில் எல்லாப் புற்றுகளும் மற்றவர்களைவிடத் தெளிவாகச் சீறிப்பாய்ந்திருக்க வேண்டாமா?

எதிர்வாதி:

அந்தக் கடைசி வாதம் வலுவற்றது. மாதவிடாய் நிற்கும்போது எஃப்எஸ்ஹெச் மட்டுமா மாறுகிறது? ஈஸ்ட்ரோஜென் சரிகிறது, அதுவே பல கட்டிகளுக்குத் தீனி. இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும்போது எதையும் நிரூபிக்க முடியாது. எதிர்ப்பொருள் பற்றிய ஐயத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த ஏற்பி குழாய்களை வளர்க்கிறதா என்பது ஒரு கேள்வி, கட்டியின் குழாய்களை அடையாளம் காட்ட உதவுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ‘வளர்க்கவில்லை’ என்று விடை வந்தாலும் இரண்டாவது நிற்கும்.

ஆய்வகத்தான்:

மாதவிடாய் வாதத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். இரண்டாவது கேள்வியும் எதிர்ப்பொருள் உண்மையானதாக இருந்தால்தான் நிற்கும் என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறேன்.

நுண்குழாய்:

மிக்க நன்றி. வளர்ச்சி ஹார்மோனை எங்கே வைப்பது? ஈக்வடாரில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியே வேலை செய்யாத குள்ளமான மக்களுக்குப் புற்று வருவதே அரிது என்று படித்தேன். அது குழாய் வளராததால்தானா?

ஆய்வகத்தான்:

லாரன் குறைபாடு உள்ளவர்கள். ஹைமே கெவாரா அகிர்ரே குழு 99 பேரை 22 ஆண்டுகள் கண்காணித்தது. அவர்களில் ஒருவருக்கு மட்டுமே புற்று வந்தது, அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. ஆனால் அதைக் குழாய் வளர்ச்சியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் சுரக்கும் ஐஜிஎஃப்-1 என்ற காரணி குறைவாக இருந்தால் செல்கள் பிரிவது குறைகிறது, டிஎன்ஏ சேதமடைந்த செல்கள் எளிதில் மடிகின்றன. புற்று தொடங்கவே இல்லை என்றால் குழாயைப் பற்றிய பேச்சே எழாது.

வளர்ச்சி ஹார்மோனுக்கும் குழாய்க்கும் உள்ள உறவை நேராகக் காட்டிய இடம் புற்று அல்ல, கண். 1953-இல் டென்மார்க்கின் பவுல்சன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். நீரிழிவால் விழித்திரைக் கோளாறு இருந்த அவருக்கு, மகப்பேற்றின்போது ஏற்பட்ட இரத்தப்போக்கில் பிட்யூட்டரி அழிந்துபோனது. அதன்பின் விழித்திரையின் கோளாறு மறைந்துவிட்டது. அதைக் கண்டு, பல ஆண்டுகள் நீரிழிவு நோயாளிகளின் கண்ணைக் காப்பாற்றவே பிட்யூட்டரியை அறுவை செய்தும், கதிரியக்க இட்ரியம் வைத்தும் அழித்தார்கள். லேசர் வந்த பிறகுதான் அந்தக் கடும் வைத்தியம் ஓய்ந்தது. 1997-இல் லோயிஸ் ஸ்மித் குழு சுண்டெலிகளில் வளர்ச்சி ஹார்மோனை அடக்கியபோது, விழித்திரையில் புதுக்குழாய் முளைப்பது குறைந்தது. விஇஜிஎஃப் போதுமான அளவு இருந்தும் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். ஐஜிஎஃப்-1 உடனில்லாவிட்டால் விஇஜிஎஃப்பின் சொல் எடுபடுவதில்லை. கட்டிச் செல்களிலும் ஐஜிஎஃப்-1 விஇஜிஎஃப் சுரப்பைக் கூட்டுகிறது. ஆனாலும் ஐஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் ஃபிஜிடுமுமாப் நுரையீரல் புற்றின் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது.

வார்டு_டாக்டர்:

எல்லோரும் பிட்யூட்டரியிலிருந்து குழாயை நோக்கியே பேசுகிறீர்கள். எதிர்த்திசையில் நடப்பதை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம். சிறுநீரகப் புற்றுக்குச் சுனிடினிப் மாத்திரை எடுக்கும் ஒருவர் சில மாதங்களில் சோர்வு, மலச்சிக்கல், முகவீக்கம் என்று வருவார். புற்று முற்றிவிட்டதோ என்று வீட்டார் கலங்கி நிற்பார்கள். தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்ஹெச்சைப் பார்த்தால் எங்கோ உயரத்தில் இருக்கும். தைராய்டின் நுண்குழாய்கள் உயிரோடிருக்க விஇஜிஎஃப்பை நம்பியிருக்கின்றன. மருந்து கட்டிக்குப் போகும் விஇஜிஎஃப் சைகையைத் தடுக்கும்போது தைராய்டையும் பட்டினி போடுகிறது. பிட்யூட்டரி தன் பங்குக்கு டிஎஸ்ஹெச்சைக் கூட்டிக் கூட்டிக் கத்துகிறது. எலிகளில் இந்த நுண்குழாய்கள் மறைவதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள், மனிதரில் வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். தைராக்சின் மாத்திரை தொடங்கினால் அவர் எழுந்து நடமாடிவிடுவார்.

தைராய்டுப் புற்றில் டிஎஸ்ஹெச்சுக்கு வேறு முகம் உண்டு. அது அந்தச் செல்களுக்கு நேரடித் தூண்டுகோல், விஇஜிஎஃப் சுரப்பையும் ஏற்றுகிறது. மீளும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குத் தைராக்சின் அளவைக் கூட்டி, டிஎஸ்ஹெச்சை அடக்கியே வைப்பது இதனால்தான்.

டோபமின் ஏற்பியைத் தூண்டும் மருந்தான கேபர்கோலினைப் பற்றியும் ஒரு சொல். டோபமின் விஇஜிஎஃப்பின் வேலையைத் தடுக்கிறது என்று 2001-இல் பாஸ்டனில் சுஜித் பாசு, தேபப்ரத முகோபாத்யாய் குழுவினர் காட்டினர். கருத்தரிப்புச் சிகிச்சையில் ஊசி போட்டபின் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோர்க்கும் பெண்களுக்குக் கேபர்கோலின் கொடுப்பது இந்த அறிவின் நேரடிப் பயன். ஆனால் அதே மருந்து புரோலாக்டினையும் குறைக்கிறது. ஒரு கட்டியின் குழாய் அதனால் மெலிந்தால், புரோலாக்டின் குறைந்ததாலா, டோபமின் ஏற்பி தூண்டப்பட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நுண்குழாய்:

இன்னும் ஒரே கேள்வி. இரத்தத்தில் இருக்கும் முழுப் புரோலாக்டினையும் அதன் துண்டையும் தனித்தனியே அளந்துவிட்டால், யாருக்குத் தடை அதிகம் என்று தெரிந்துவிடாதா?

ஆய்வகத்தான்:

அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் செய்யும் வழக்கமான புரோலாக்டின் சோதனை முழு ஹார்மோனுக்காக வடிவமைக்கப்பட்டது, துண்டைத் தனியே எண்ணித் தராது. துண்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை, எந்த நொதி எங்கே வெட்டியது என்பதைப் பொறுத்து எடை மாறுகிறது. பலவும் திசுவுக்குள்ளேயே உருவாகி அங்கேயே வேலை முடிப்பதால் இரத்தத்தில் அளந்து பயனுமில்லை. இதய ஆய்வு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேறுகாலத்தில் தாயின் இதயத்தசை தளரும் நோயில் இந்த 16 கிலோடால்டன் துண்டு குற்றவாளியாகக் காணப்பட்டதை 2007-இல் டெனிஸ் ஹில்ஃபிக்கர் கிளைனர் குழு வெளியிட்டது. அதனால் புரோலாக்டின் சுரப்பைக் குறைக்கும் புரோமோகிரிப்டின் அங்கே மருந்தாகச் சோதிக்கப்பட்டது. கட்டியில் நாம் வரவேற்கும் அதே துண்டு, தாயின் இதயத்தில் நுண்குழாய்களை அழிக்கிறது. மருந்தாக்க நினைப்பவர்கள் எதிர்கொள்ள வேண்டிய சங்கடம் இது.

2022-இல் கிளாப்பின் குழு அந்தத் துண்டின் திறன் எங்கே குடியிருக்கிறது என்று தேடி, ஹிஸ்டிடின், கிளைசின், ஆர்ஜினின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தைக் கண்டது. அதை மட்டும் வைத்துச் செய்த சிறு பெப்டைடு, வாய்வழி கொடுத்தாலும் விலங்குகளில் குழாய் வளர்ச்சியைத் தடுத்தது. மனிதருக்கு இன்னும் வரவில்லை. உங்கள் உரையில் அதற்கு ஒரு படம் ஒதுக்குங்கள், கேள்வி நேரத்தில் இதய நோயைப் பற்றி யாராவது கேட்டால் பதிலும் கையில் இருக்கும்.